சுற்றறிக்கை பள்ளிக்கு, உரிமை பெற்றோருக்கு: கலிபோர்னியா அரசுப் பள்ளிகளில் புகாரும் தீர்வும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் அரசுப் பள்ளிகளை மாநில அரசு நேரடியாக நடத்துவதில்லை. ஏறத்தாழ ஆயிரம் பள்ளி மாவட்டங்களே அவற்றை நடத்துகின்றன. பள்ளி மாவட்டம் என்பது ஒரு நகரத்தையோ சில ஊர்களையோ எல்லையாகக் கொண்டு, மக்கள் தேர்ந்தெடுத்த கல்விக்குழுவின் கீழ், தனக்கெனத் தனி வரவு செலவுத் திட்டமும் பணியாளர்களும் உடையதாக இயங்கும் உள்ளாட்சி அமைப்பாகும். இம்மாவட்டங்களுக்கு மேல் 58 கவுன்டிகளில் கல்வி அலுவலகங்களும், அவற்றுக்கும் மேல் மாநிலக் கல்வித்துறையும் உள்ளன. துறைக்குத் தலைமை வகிப்பவர் மாநிலப் பொதுக்கல்விக் கண்காணிப்பாளர். நான்காண்டுகளுக்கு ஒருமுறை, கட்சிச் சின்னமில்லாத தேர்தலில், மாநில வாக்காளர்கள் அனைவரும் வாக்களித்து அவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். 2018 தேர்தலில் வென்ற டோனி தர்மண்ட், 2019 ஜனவரியில் இப்பதவியை ஏற்று, 2022இல் மீண்டும் வெற்றி பெற்றார்.

பதவியின் பெயர் பெரிதாயினும் அதிகாரம் பலரிடம் பிரிந்து கிடக்கிறது. சட்டம் இயற்றுவதும் நிதி ஒதுக்குவதும் சட்டமன்றத்தின் பணி. கொள்கை வகுப்பது ஆளுநர் நியமிக்கும் மாநிலக் கல்வி வாரியத்தின் பணி. எனவே மாவட்ட நிர்வாகிகளுக்குக் கண்காணிப்பாளர் அனுப்பும் கடிதங்கள், ஆலோசனைக் குறிப்புகள், மாதிரிப் படிவங்கள், காலக்கெடு அறிவிப்புகள் ஆகியவையே அவருடைய அன்றாடக் கருவிகளாக அமைகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை எவரும் படிக்கத்தக்க பொது ஆவணங்களாக இருந்தும், நிர்வாகிகளை விளித்து எழுதப்பட்டவை என்பதால் பெற்றோர் அவற்றைத் தேடிப் படிப்பது அரிது. ஒரு மாவட்டத்தின் கடமை என்னவென்று அந்த மாவட்டத்துக்கே மாநிலம் எழுத்தில் சொன்ன செய்தியை அறிந்த பெற்றோரிடம், விதி தெரியாது என்று நிர்வாகம் சாக்குச் சொல்ல இயலாது.

சுற்றறிக்கையின் எல்லை

சுற்றறிக்கை வேறு, சட்டம் வேறு என்பதை முதலில் உணர வேண்டும். கல்வித்துறை வெளியிடும் வழிகாட்டுக் குறிப்புகள் முன்மாதிரியாக மட்டுமே அமைய வேண்டும், கட்டளையாக அமையக் கூடாது என்று கலிபோர்னியக் கல்விச் சட்டத் தொகுப்பின் 33308.5ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே, கடிதத்தை மட்டும் காட்டி உரிமை கோரும் மனு வலுவிழந்து போகக்கூடும். அக்கடிதம் சுட்டும் சட்டப் பிரிவையோ நீதிமன்றத் தீர்ப்பையோ ஆதாரமாகக் காட்டும் மனுவைத்தான் நிர்வாகத்தால் எளிதில் ஒதுக்க முடியாது.

கட்டணம் கேட்கப்படும்போது

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு மாணவர் கட்டணம் பற்றிக் கல்வித்துறை மாவட்டங்களுக்கு வெளியிட்டுவரும் நிதி ஆலோசனைக் குறிப்பு. சான்டா பார்பராவில் உயர்நிலைப் பள்ளி மாவட்டம் நாடகம், இசை, விளையாட்டு ஆகியவற்றில் சேர ஒவ்வொன்றுக்கும் 25 டாலர் வசூலித்ததை எதிர்த்துத் தொடரப்பட்டு, அக்குறிப்பிலும் சுட்டப்படும் ஹார்ட்செல் எதிர் கானல் வழக்கில், 1984இல் மாநில உச்ச நீதிமன்றம் அக்கட்டணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. இலவசப் பள்ளி என்னும் அரசமைப்பு உறுதி பாடவேளைக்கு அப்பாற்பட்ட கல்விச் செயல்பாடுகளுக்கும் பொருந்தும் என்றும், ஏழை மாணவருக்கு விலக்கு அளிப்பதாலோ மாவட்டத்துக்குப் பணமுடை என்பதாலோ கட்டணம் நியாயமாகிவிடாது என்றும் நீதிமன்றம் விளக்கியது.

தீர்ப்பு வந்த பின்னும் வசூல் முற்றிலும் நிற்காததால், புகார் வழியைத் திறந்துவிட்ட சட்டம் ஒன்று 2013 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி புகாரைப் பள்ளி முதல்வரிடமே கொடுக்கலாம். குற்றச்சாட்டுக்கு ஆதரவான சான்றோ, சான்றைத் தேடி எடுக்க உதவும் தகவலோ இருந்தால் பெயர் குறிப்பிடாமலும் கொடுக்கலாம். புகார் உண்மையெனத் தெரிந்தால், புகார் செய்தவருக்கு மட்டுமன்றி, அதே கட்டணத்தைச் செலுத்திய மாணவர், பெற்றோர் அனைவருக்கும் பணத்தைத் திருப்பித் தரப் பள்ளி முயல வேண்டும். எனினும் பள்ளி கேட்கும் பணம் ஒவ்வொன்றும் சட்டவிரோதமாகாது. தானாக மனமுவந்து தரும் நன்கொடைக்குத் தடையில்லை. கல்விச் சுற்றுலாவுக்குப் பணம் கேட்கலாம். ஆனால் பணமில்லை என்பதற்காக எந்த மாணவரையும் விட்டுச் செல்லக் கூடாது. பெயரளவில் நன்கொடையாக இருந்து, தராத மாணவருக்கு இடம் மறுக்கப்படுமாயின் அது கட்டணமே ஆகும்.

வகுப்பறைச் சுவரில் உள்ள அறிவிப்பு

கலிபோர்னிய அரசுப் பள்ளிகளின் ஒவ்வொரு வகுப்பறையிலும் ஓர் அறிவிப்புத் தாள் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பாடநூல் போதவில்லை என்றாலோ, பள்ளிக் கட்டடம் சுத்தமாகவும் பாதுகாப்பாகவும் இல்லை என்றாலோ, ஆசிரியர் பணியிடம் காலியாகவோ தகுதியற்றவரைக் கொண்டு நிரப்பப்பட்டோ இருந்தாலோ எங்கே புகார் செய்வது என்பதை அத்தாள் தெரிவிக்கும். 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் மாணவர்கள் மாநில அரசின் மீது தொடுத்து, 2004இல் உடன்பாட்டில் முடிந்த வில்லியம்ஸ் வழக்கே இதற்குக் காரணம். போதுமான பாடநூல் என்பதற்கு, வகுப்பில் பயன்படுத்தவும் வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் ஒவ்வொரு மாணவர் கையிலும் நூல் இருக்க வேண்டும் என்பதே பொருள். ஒரு கட்டு நூல்களை நான்கு வகுப்புகள் மாற்றி மாற்றிப் படிப்பது போதுமானதாகக் கொள்ளப்படாது.

இவ்வகைப் புகாரைப் பெயரின்றியும் தரலாம். உண்மையான குறை எனில் 30 வேலை நாள்களுக்குள் அது சரிசெய்யப்பட வேண்டும். பதில் வேண்டுமென்று கேட்டு முகவரி கொடுத்தவருக்கு 45 வேலை நாள்களுக்குள் பதில் வர வேண்டும். திருப்தியில்லையெனில் கல்விக்குழுவின் பொதுக் கூட்டத்தில் முறையிடலாம். மாணவரின் உடல்நலத்துக்கோ உயிருக்கோ உடனடி ஆபத்தான கட்டடக் குறையாயின், பதில் கிடைத்த 15 நாள்களுக்குள் மாநிலக் கண்காணிப்பாளரிடமே மேல்முறையீடு செய்யலாம்.

பொதுப் புகார் நடைமுறை

கட்டணம், பாகுபாடு, சில சிறப்புத் திட்டங்கள், மாவட்டம் வகுத்து ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய உள்ளூர்ப் பொறுப்புடைமைத் திட்டம் ஆகியவை குறித்த முறையீடுகளுக்கு ஒருங்கிணைந்த புகார் நடைமுறை என்னும் பொது வழி உள்ளது. எழுத்து வடிவிலான புகாரை மாவட்டம் விசாரித்து, புகாரளித்தவர் கால நீட்டிப்புக்கு இசைந்தாலன்றி, 60 நாள்களுக்குள் எழுத்தில் முடிவு சொல்ல வேண்டும். அம்முடிவை ஏற்காதவர் 30 நாள்களுக்குள் மாநிலக் கல்வித்துறைக்கு மேல்முறையீடு செய்யலாம். புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவது தடைசெய்யப்பட்டுள்ளது.

உரிமை இருந்தும் தீர்வு கைநழுவிப் போகக் காரணமாகும் தவறுகள் சில உண்டு. முதலாவது, காலக்கெடுவைத் தவறவிடுதல்: கட்டணப் புகாரை ஓராண்டுக்குள்ளும் பாகுபாட்டுப் புகாரை ஆறு மாதத்துக்குள்ளும் கொடுத்தாக வேண்டும். இரண்டாவது, வாய்மொழியாக மட்டும் குறை சொல்லிவிட்டுக் காத்திருத்தல்: எழுத்தில் தராத புகாருக்கு 60 நாள் கணக்கு தொடங்குவதே இல்லை. மூன்றாவது, வாசல் மாறிச் செல்லுதல்: ஓர் ஆசிரியரின் நடத்தை குறித்த பொதுவான புகார் பெரும்பாலும் இந்த நடைமுறைக்குள் வராது, மாவட்டத்தின் பணியாளர் புகார் வழியில்தான் செல்லும்.

மொழி, குடியேற்றம், சாதி

ஃப்ரீமாண்ட், சான் ஹோசே போன்ற நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இவ்விதிகளுள் சில நெருக்கமானவை. ஒரு பள்ளியில் 15 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் ஆங்கிலமல்லாத ஒரே மொழியைத் தாய்மொழியாகக் கொண்டிருந்தால், பெற்றோருக்கு அனுப்பும் அறிவிப்புகள் அம்மொழியிலும் இருக்க வேண்டும். தமிழ் மாணவர் எண்ணிக்கை அந்த அளவை எட்டாத பள்ளிகளில் இவ்விதி உதவாதெனினும், மாற்றுத்திறனுள்ள குழந்தைக்கான தனிநபர் கல்வித் திட்டக் கூட்டத்தில் நடப்பதைப் பெற்றோர் புரிந்துகொள்ளத் தேவையானால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது கூட்டாட்சிச் சட்டப்படி பள்ளியின் பொறுப்பு.

குடியேற்ற நிலையைக் காரணம் காட்டிக் குழந்தைக்கு அரசுப் பள்ளிக் கல்வியை மறுக்கலாகாது என்பது டெக்சாஸ் மாநிலத்திலிருந்து எழுந்த பிளைலர் எதிர் டோ வழக்கில் 1982இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாகப் பெயர் சொல்லித் தடைசெய்யும் மசோதாவைக் கலிபோர்னியச் சட்டமன்றம் நிறைவேற்றியபோதும், நடப்புச் சட்டத்திலேயே அத்தகைய பாகுபாட்டுக்குத் தடை உள்ளது என்று கூறி, 2023 அக்டோபரில் ஆளுநர் கேவின் நியூசம் அதைத் தடுத்துவிட்டார். பள்ளியில் சாதியின் பெயரால் இழிவுபடுத்தப்பட்ட மாணவரின் புகாரை, வம்சாவழி அடிப்படையிலான பாகுபாடு என்ற தலைப்பில் எழுதித் தருவது அவ்விளக்கத்தோடு பொருந்தும் வழியாகும்.

மாவட்டமே தடுமாறினால்

1991 ஏப்ரலில் ரிச்மண்ட் பள்ளி மாவட்டம், பணம் தீர்ந்துவிட்டதாகக் கூறி, கல்வியாண்டு முடிய ஆறு வாரம் இருக்கையிலேயே பள்ளிகளை மூடப்போவதாக அறிவித்தது. பெற்றோர் தொடுத்த வழக்கில், மாவட்டத்தின் நிர்வாகக் கோளாறுக்காக மாணவரின் அடிப்படைக் கல்வியைப் பறிக்க முடியாது, அதைக் காக்கும் இறுதிப் பொறுப்பு மாநிலத்துடையது என்று 1992இல் மாநில உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்நெருக்கடியை ஒட்டி 1991இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, ஒவ்வொரு மாவட்டமும் தன் நிதிநிலையை ஆண்டுக்கு இருமுறை இடைக்கால அறிக்கையாக வெளியிட்டு, அது நல்ல நிலையா, ஐயத்துக்குரிய நிலையா, கடன் தீர்க்க இயலாத நிலையா என்று சான்றளிக்க வேண்டும். பள்ளி மூடலும் ஆட்குறைப்பும் பேச்சில் அடிபடுவதற்கு முன்பே இச்சான்றில் அவற்றின் அறிகுறி தெரியக்கூடும்.

பெற்றோர் செய்யத்தக்கவை

கல்விக்குழுவின் வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சிநிரல் 72 மணி நேரத்துக்கு முன்பே வெளியிடப்பட வேண்டும் என்பதும், கூட்டத்தில் பொதுமக்கள் பேச வாய்ப்பளிக்கப்பட வேண்டும் என்பதும் 1953ஆம் ஆண்டின் பிரவுன் சட்டத்தின் விதிகள். மாநிலத்திலிருந்து வந்த கடிதத்தின் மீது மாவட்டம் என்ன நடவடிக்கை எடுத்தது என்பதற்கான ஆவணத்தைப் பொது ஆவணச் சட்டத்தின் கீழ் கேட்டால், தர இயலுமா என்பதை 10 நாள்களுக்குள் மாவட்டம் தெரிவிக்க வேண்டும். புகார் எழுதும்போது நடந்தது என்ன, எந்த நாளில், எந்தச் சட்டப் பிரிவுக்கு மாறாக, வேண்டும் தீர்வு என்ன என்ற நான்கையும் ஒரே பக்கத்தில் தெளிவாகச் சொல்லி, ரசீதையோ அறிவிப்பையோ இணைத்து, பெற்றுக்கொண்டதற்கான தேதி முத்திரையுடன் ஒரு படியை வைத்துக்கொள்வது நலம். மாவட்டத்துக்கு விதிக்கப்பட்ட 60 நாளும் அந்த முத்திரையின் தேதியிலிருந்தே எண்ணப்படும். பின்னர் மேல்முறையீட்டுக்குப் போக நேர்ந்தால், முதலில் கேட்கப்படும் ஆவணங்களுள் அந்தப் படியும் இருக்கும்.