பாத்தியில மூடாக்கை எடுத்துட்டு அலங்காரக் கல் போட்டா காசு மிச்சமா? புளியங்குடி வீட்டுக்கு ஒரு கணக்கு



புளியங்குடியில இருந்து ஒரு கேள்வி வந்திருக்கு. பார்க்க சின்ன விஷயம். ஆனா உள்ள போனா நல்ல பணக் கணக்கு இருக்கு, அதனால தனிப் பதிவாவே எழுதிடறேன்.

புது வீடு. முன்னாடி 20 அடிக்கு 10 அடி, மொத்தம் 200 சதுர அடியில ஒரு பாத்தி. அதுல காய்க்கிற எலுமிச்சை ஒண்ணு, கறிவேப்பிலை ஒண்ணு, கொஞ்சம் செம்பருத்தி, மல்லிகை. பாத்தி முழுக்க சருகும் கதம்பையும் மூடாக்கா கிடக்கு. (வெளியூர்க்காரங்களுக்கு: கதம்பைன்னா தேங்காய் உரிமட்டை.) வீட்டுக்காரர் கேக்குறது இதுதான்: "குப்பை மாதிரி தெரியுது. வருஷா வருஷம் மூடாக்குக்கு வேற செலவு. இதை அள்ளிட்டு வெள்ளைக் கூழாங்கல் போட்டா ஒரே செலவோட முடிஞ்சிடுமே? 36,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் வந்திருக்கு. சீட்டு எடுத்த காசு கையில இருக்கு. போடலாமா?"

"ஒரே செலவோட முடிஞ்சிடும்" – இந்த வார்த்தையை எங்க கேட்டாலும் நான் கால்குலேட்டரை எடுத்துடுவேன்.

முதல்ல கொட்டேஷன் நியாயமான்னு பார்ப்போம். 200 சதுர அடிக்கு 2 இஞ்ச் கனம்னா கிட்டத்தட்ட 33 கன அடி கல். எடைக்கு மாத்தினா ஏறக்குறைய ஒன்றரை டன். கிலோ 20 ரூபாய்னு போட்டிருக்காங்க, அதுவே 30,000. அடியில விரிக்கிற களை தடுப்புத் துணி, ஓரக்கட்டு, கூலி எல்லாம் சேர்த்து 6,000. கல் விலை கடைக்குக் கடை, கல்லோட பாலிஷுக்குத் தகுந்த மாதிரி ரொம்பவே மாறும். ஆனா அளவு சரியாத்தான் இருக்கு, யாரும் ஏமாத்தல.

இப்போ எதிர்ப்பக்கம். மூடாக்குக்கு வருஷத்துக்கு எவ்வளவு ஆகுதுன்னு அவர்கிட்டயே கேட்டேன். கதம்பை, வண்டி வாடகை, பரப்புற ஆள் கூலி எல்லாம் சேர்த்து 2,500 ரூபாய்னு சொன்னார். அப்போ 36,000-ஐ 2,500-ஆல வகுத்தா 14 வருஷத்துக்கு மேல. 14 வருஷம் கழிச்சு லாபம்னு பலர் இங்கயே நிறுத்திடுவாங்க. நாம நிறுத்த வேண்டாம்.

அந்த 36,000 ரூபாயை எஃப்.டி-யில போட்டா என்ன ஆகும்? 7% வட்டின்னு வெச்சுக்கோங்க, வருஷத்துக்கு 2,520 ரூபாய். அதாவது வட்டிக் காசே வருஷா வருஷம் மூடாக்கை வாங்கிக் குடுத்துடும், அசல் அப்படியே கிடக்கும்! உங்க பேங்க்ல 6.5%தான்னா 2,340 வரும். கையில இருந்து 160 ரூபாய் போடணும், அவ்வளவுதான்.

"விலைவாசி ஏறும்ல சார்?" ஏறும். கதம்பை விலை, கூலி எல்லாம் வருஷத்துக்கு 6% ஏறுதுன்னே வைப்போம். அப்போ வட்டி பத்தாது, அசல்ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும். அப்படி எடுத்தாலும் அந்தப் பணம் 15, 16 வருஷம் வரைக்கும் தாக்குப் பிடிக்கும். கல்லு அதுக்கு மேலயும் ஒரு பைசா செலவில்லாம, முதல் நாள் இருந்த வெள்ளையோட இருந்தாத்தான் ஜெயிக்கும்.

இருக்குமா? இருக்காது. எலுமிச்சை இலையும் கறிவேப்பிலைப் பூவும் கல்லு மேல கொட்டும். மண்ணுல கிடந்தா அது உரம், கல்லு மேல கிடந்தா குப்பை, பெருக்கணும். பெருக்காத சருகு கல் இடுக்குல மட்கி மண்ணாயிடும், அந்த மண்ணுல விதை விழுந்து துணிக்கு மேலயே களை முளைக்கும். கோரைக்கிழங்கு இன்னும் ஒரு படி மேல, அது துணியையே குத்திக்கிட்டு வரும். செம்மண் புழுதி, போர்த் தண்ணி உப்பு பட்டு வெள்ளைக் கல் ரெண்டு மூணு வருஷத்துல பழுப்பாயிடும். அள்ளி, கழுவி, திரும்பப் போட ஆள் வேணும். இதுக்கெல்லாம் வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய்னு வெச்சா உங்க மிச்சம் 1,500தான். போட்ட காசு திரும்பி வர, வட்டியே கணக்குல சேர்க்காம, 24 வருஷம்.

இந்த யோசனை அமெரிக்கா தோட்ட வீடியோக்கள்ல நிறைய வருது. அந்த ஊர்க் கணக்குக்கு அது சரியாவே இருக்கலாம். அங்க மூடாக்குன்னா மரப்பட்டைத் தூளைக் கடையில மூட்டை மூட்டையா காசு குடுத்து வாங்குறது, கூலியும் ஜாஸ்தி. புளியங்குடியில சுத்திலும் தென்னை, கரும்பு, நெல்லு. கதம்பை, சோகை, வைக்கோல், ஓலைன்னு அங்க காசு குடுத்து வாங்குற சரக்கு இங்க தோட்டத்துக்குத் தோட்டம் கிடக்கு. அவங்க கணக்கை நாம காப்பி அடிச்சா விடை தப்பாத்தான் வரும்.

மரத்தை மறந்துட்டோமே!

இதுவரைக்கும் ரூபாய் மட்டும் பேசினோம். ஆனா அந்தப் பாத்தியில காய்க்கிற எலுமிச்சை நிக்குதே. எலுமிச்சைக்கே புவிசார் குறியீடு வாங்கின ஊர் அது, மரத்தோட அருமையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. 2022 ஏப்ரல்ல பல நகரங்கள்ல எலுமிச்சை கிலோ 200 ரூபாயைத் தாண்டுச்சு, ஞாபகம் இருக்கா? வீட்டுல ஒரு மரம் இருந்தவங்க அந்த மாசம் சிரிச்சாங்க.

எலுமிச்சையோட உணவு எடுக்குற வேர் நிறைய மேல்மண்ணுலதான் இருக்கும். சித்திரை, வைகாசி வெயில்ல கல் பகல் முழுக்கச் சூடேறி, பொழுது சாஞ்ச பிறகும் அந்தச் சூட்டை விட்டுக்கிட்டே இருக்கும். வெள்ளைக் கல்னா கொஞ்சம் கம்மியாச் சூடேறும், ஆனா வெளிச்சத்தை மேல அடிச்சு இலையோட அடிப்பக்கத்தைக் காய்ச்சும். கதம்பையும் சருகும் இதுக்கு நேர் எதிர். மண்ணைக் குளுமையா வைக்கும், மட்கி உணவாகும், மண்புழு வரும். கல்லு போட்டுட்டா மட்குற சரக்கு உள்ள போகாது, அப்போ உரத்தைத் தனியா வாங்கணும், அதைப் போடுறதுக்குக் கல்லை ஒதுக்கணும், துணியைக் கிழிக்கணும். இந்தச் செலவெல்லாம் எந்தக் கொட்டேஷன்லயும் வராது.

இன்னொண்ணு, பலருக்குத் தெரியாதது. கடையில கிடைக்கிற வெள்ளைக் கூழாங்கல்லுல நிறைய, பளிங்குக் கல்லை உடைச்சு மெஷின்ல உருட்டினது. பளிங்கு சுண்ணாம்புச் சத்து உள்ள கல். வருஷக்கணக்குல மழையும் தண்ணியும் பட்டுக் கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு மண்ணைக் காரத்தன்மைக்குத் தள்ளும். கார மண்ணுல எலுமிச்சைக்கு இரும்பு, துத்தநாகச் சத்து சரியாக் கிடைக்காது, நரம்பு பச்சையா இருக்க இலை மஞ்சளாகும். உங்க கல் எந்த வகைன்னு கண்டுபிடிக்க லேப் எதுவும் வேண்டாம். கல்லை உரசிக் கொஞ்சம் பொடி எடுங்க, அதுல எலுமிச்சைச் சாறு விடுங்க. நுரைச்சுக் குமிழ் வந்தா சுண்ணாம்புக் கல். புளியங்குடியில சாறுக்கா பஞ்சம்!

அதுக்காகக் கல் மூடாக்கே தப்புன்னு நான் சொல்லல. சீனாவோட கான்சு மாகாணத்துல மழை குறைஞ்ச நிலத்துல கூழாங்கல்லும் மணலும் பரப்பி, பல நூறு வருஷமா முலாம்பழம், தர்பூசணி விளைவிக்கிறாங்க. ஸ்பெயினோட லான்சரோட்டே தீவுல 1730-லிருந்து 1736 வரைக்கும் எரிமலை கக்கின கருஞ்சரளையைத்தான் திராட்சைக்கு மூடாக்கா வெச்சிருக்காங்க. ரெண்டு இடத்துலயும் ஈரம் ஆவியாகாமப் பிடிச்சு வைக்க அது உதவுது, மூடாக்குக்குச் சருகோ வைக்கோலோ தாராளமா கிடைக்கிற ஊரும் இல்ல அது. ஒரு விஷயம் கவனிங்க: கான்சுவுல அந்தக் கல் வயலுக்கும் ஆயுசு உண்டு. பல வருஷம் ஆகி மண்ணு கல்லோட கலந்துட்டா பலன் குறைஞ்சு, கல்லை மாத்த வேண்டி வருது. அங்கேயே "ஒரே தடவை" கிடையாது.

அவர் சொல்ற குறை பொய்யில்ல

மூடாக்குல பிரச்சினையே இல்லன்னு நான் சொன்னா அது விளம்பரம் ஆயிடும். ஆனி, ஆடியில தென்காசிப் பக்கம் அடிக்கிற காத்து சருகைத் தூக்கித் தெருவுல போடும், பக்கத்து வீட்டுக்காரர் முகம் கோணும். வீட்டுச் சுவரை ஒட்டி மூடாக்கு கிடந்தா கரையான் வழி தேடும். தேள், பூரான் பயமும் உண்டு, மலையடிவார ஊர் வேற. (கல்லுக்கு அடியிலயும் தேள் இருக்கும், அதுவும் தெரிஞ்சுக்கோங்க.)

காத்துக்குப் பதில் கதம்பை, அது பறக்காது. தென்னைக்கு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு முறை சொல்லுது: மரத்தைச் சுத்தி 1.8 மீட்டர் ஆரத்துல நூறு உரிமட்டையை, குவிஞ்ச முதுகுப்பக்கம் மேல பாக்குற மாதிரி பரப்புங்கன்னு. அந்த வட்டம் கிட்டத்தட்ட 110 சதுர அடி. அதே கணக்குல உங்க 200 சதுர அடிக்கு 180, 190 மட்டை போதும். முதுகு மேல இருந்தா குழியில மழைத்தண்ணி தேங்காது, கொசு முட்டை வைக்காது. எலுமிச்சைத் தண்டை ஒட்டி மட்டும் போடாதீங்க, ஒரு அடி விட்டுப் போடுங்க. ஈரம் ஒட்டிக்கிட்டே இருந்தா அடித்தண்டு அழுகும்.

"குப்பை மாதிரி தெரியுது"ங்கறதுக்கு என்ன பண்ண? பாத்தி ஓரத்துக்கு ஒரு வரிசை செங்கல் சாய்ச்சு நட்டுங்க, கதம்பை மேல மட்கின நார்க்கழிவை ஒரு விரல் கனத்துக்குத் தூவுங்க. பாத்தி ஒரே பழுப்பு நிறமா, வேணும்னே செஞ்ச மாதிரி தெரியும். பாதி அழகு ஓரக்கட்டுலதான் இருக்கு.

கரையானுக்குத்தான் கல்லு. சுவரை ஒட்டி ஒரு அடி அகலத்துக்கு, 20 அடி நீளத்துக்கு மட்டும் போடுங்க. 150 கிலோ போதும், 3,000 ரூபாய். சன்ஷேடுல இருந்து தண்ணி விழுந்து சேறு தெறிக்கிற இடமும் அதுதான், சுவரும் சுத்தமா இருக்கும். கார் நிறுத்துற இடத்துப் பக்கம், செடியே வைக்காத மூலை, இங்கெல்லாமும் தாராளமா கல்லு போடலாம். வெள்ளைக் கல்தான் வேணும்னு இல்லன்னா முக்கால் இஞ்ச் ஜல்லி அதைவிட ரொம்ப மலிவு, யூனிட் கணக்குல வரும்.

ஆக கல்லு 3,000, செங்கல் ஓரக்கட்டு 1,500, முதல் வருஷ மூடாக்கு 2,500. மொத்தம் 7,000. மீதி 29,000 எஃப்.டி-யில. 7% வட்டி 2,030 ரூபாய், அடுத்த வருஷ மூடாக்குச் செலவுல பெரும்பகுதி அதுலயே வந்துடும். அவசரம்னா உடைச்சு எடுத்துக்கலாம். கல்லை எடைக்குப் போட்டு யாரும் காசு தர மாட்டாங்க. மண்ணுல கலந்த கல்லைப் பொறுக்கி எடுக்கிறதுக்கு நாமதான் கூலி குடுக்கணும்.

வீட்டை வித்தா மதிப்பு கூடும்னு கல் விக்கிறவங்க சொல்லலாம். நம்ம ஊர்ல வீடு பாக்க வர்றவர் சென்ட் என்ன விலை, தண்ணி எத்தனை அடியில, பத்திரம் கிளியரான்னுதான் கேப்பார். கூழாங்கல்லுக்குன்னு தனியா ஒரு ரூபாய் போட்டு நான் பாத்ததில்ல.

கல்லு வாங்குறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. "ஆத்துக் கல்லு இருக்கு, பாதி விலைக்கு ராத்திரி இறக்கிடறேன்"னு யாராவது சொன்னா ஒதுங்கிடுங்க. ஆத்துலயும் ஓடையிலயும் கிடக்குற கல்லு கனிமம். அனுமதி இல்லாம அள்ளுறதும் ஏத்துறதும் 1957-ஆம் வருஷச் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டப்படி குற்றம், வண்டியையே பறிமுதல் பண்ணுவாங்க. கடையில பில்லோட வாங்குங்க. மூட்டைக் கணக்கு வேண்டாம், கிலோ கணக்கு கேளுங்க, லோடா வந்தா எடை மேடைச் சீட்டைப் பாத்துட்டுக் காசு குடுங்க.

மூடாக்கு போட நல்ல நேரம் ஐப்பசி, கார்த்திகை மழை முடிஞ்சு மண்ணுல ஈரம் மிச்சம் இருக்குற மார்கழிக் கடைசி, தை. காஞ்ச மண்ணு மேல போட்டா காஞ்ச மண்ணைத்தான் மூடி வைப்பீங்க. அதனால முதல்ல நல்லாத் தண்ணி பாய்ச்சிட்டு, மறுநாள் கதம்பையைப் பரப்புங்க.