அவையில் சொன்ன சொல்



பேச்சுப் போட்டிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்குக் குரலின் ஏற்ற இறக்கத்தையும் கையசைவையும் சொல்லித் தருகிறோம். சட்டம் இயற்றும் அவையில் பேசுவோருக்கு இவை மட்டும் போதா. அங்கே பேசும் சொல்லுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. அதனால் தனிப் பொறுப்பும் உண்டு. அதைப் பற்றி இன்று காண்போம்.

பெரட்டில் நின்று, "கூலி குறைகிறது" என்று சொன்னவருக்கு மறுநாளே வேலை போகுமென்றால், அடுத்தவர் வாய் திறப்பாரா? மக்களின் பிரதிநிதிக்கும் இதே அச்சம் வரக்கூடும். ஆகவே அவையில் பேசியதற்காக ஒருவரை வழக்குமன்றத்துக்கு இழுக்கக் கூடாது என்று இங்கிலாந்தின் 1689ஆம் ஆண்டு உரிமைச் சட்டம் விதித்தது. 1787இல் அமெரிக்கர் வகுத்த அரசமைப்பும் அக்காப்பைத் தந்தது. நம் மலேசிய அரசமைப்பில் 63ஆம் பிரிவு அதைக் கூறுகிறது. ஆயினும் 1971இல் செய்த திருத்தத்தின்படி, தேச நிந்தனைக் குற்றமாகும் பேச்சுக்கு இக்காப்பு கிடையாது.

காப்பு இருக்கிறதென்று ஒருவர் பிறர்மீது வாய்க்கு வந்தபடி பழி சுமத்தலாமா? இதற்கு விடை காண நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் பேராக் மாநிலத்து ஈப்போவே போதும்.

ஈப்போவில் வழக்கறிஞர்களாக இருந்த சகோதரர் இருவர், எஸ். பி. சீனிவாசகமும் டி. ஆர். சீனிவாசகமும். மக்கள் முற்போக்குக் கட்சியின் தலைவர்களான இவர்கள், 1959 பொதுத்தேர்தலில் மெங்லெம்பு, ஈப்போ தொகுதிகளில் வென்று மக்களவையில் எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்தனர்.

1964இல் இளையவரான டி. ஆர். சீனிவாசகம், அன்றைய கல்வி அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப்மீது மக்களவையில் ஊழல் குற்றம் சாட்டினார். அமைச்சர் அதை மறுத்தார். காப்பில்லாத வெளியிடத்தில் அதையே சொல்லிப் பார்க்கட்டும் என்று அறைகூவல் எழுந்தது. சீனிவாசகம் பின்வாங்கவில்லை. பொதுமேடை ஏறி, அதே குற்றச்சாட்டை மீண்டும் சொன்னார். அமைச்சர் அவதூறு வழக்குத் தொடுத்தார். சொன்னதை மெய்ப்பிக்கும் சுமை இப்போது சீனிவாசகத்தின் தோளில் ஏறியது. 1965இல் வழக்கு அமைச்சருக்கு எதிராக முடிந்தது. அவர் பதவி விலகினார்.

இங்கே வென்றது உரத்த குரலா? சாட்சியும் ஆவணமும் தாங்கி நின்ற சொல் அல்லவா வென்றது! காப்புக்குள் நின்று சொன்னதைக் காப்புக்கு வெளியிலும் சொல்ல முடிந்ததே அந்தப் பேச்சின் வலிமை. 1969இல் டி. ஆர். சீனிவாசகம் மறைந்தார். ஈப்போவிலுள்ள ஒரு பூங்கா இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நேயர்களே, தொழிற்சங்கக் கூட்டத்திலோ பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டத்திலோ நாம் எழுந்து பேசும்போது நமக்கு 63ஆம் பிரிவின் காப்பு இல்லை. நமக்குள்ள காப்பு உண்மை ஒன்றே. "சம்பளம் சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் கேட்பவர் எளிதில் மறுத்துவிடுவார். எந்த மாதம், எத்தனை நாள் வேலை, எவ்வளவு பிடித்தம் என்று சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் மறுப்பது கடினம். ஆள்மீது வசை பாடாமல் செய்தியை மட்டும் முன்வைத்தால் நம் பக்கம் இன்னும் வலுப்பெறும்.

ஹுத்தான் மெலிந்தாங் செம்பனைத் தோட்டத்துப் பிள்ளைகளுள் ஒருவர் நாளை மக்களவையில் எழுந்து நிற்கலாம். "இதை வெளியிலும் சொல்வாயா? சான்று உண்டா?" என்னும் இரு கேள்விகளை இன்றே அப்பிள்ளைகளுக்குப் பழக்குவோம்.