செம்மறியாட்டின் உரோமம் கத்தரித்தல்

கமக்காரர்களே! நெல் வயலுக்கும் மரக்கறித் தோட்டத்திற்கும் எருத் தருவது செம்மறியாடு. அதனைத் துன்புறுத்தாது பேணுதல் உங்கள் கடமையாகும்.

எல்லாச் செம்மறியாடுகளுக்கும் உரோமம் கத்தரிக்க வேண்டுவதில்லை. தமிழ்நாட்டின் நீலகிரிச் செம்மறி, மெரினோ முதலிய கம்பளி இனங்களின் கலப்பால் உண்டானது. அதன் கம்பளி தானாக உதிராது. ஆதலால் நாமே கத்தரித்தல் வேண்டும். நமது யாழ்ப்பாணச் செம்மறியோ குட்டை மயிருடையது. பல்லேகம போன்ற வெப்பமான இடத்தில் அதனை முற்றாக மழித்தால் வெயில் தோலைச் சுடும். வாலடியிலும் பின்தொடையிலும் சாணம் ஒட்டிய மயிரை மட்டும் நீக்குக. அழுக்கு மயிரில் ஈ முட்டையிட்டால் புழுக்கள் தோன்றித் தசையை அரிக்கும்.

கத்தரிக்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. பெரும்போக மழைக்காலத்தைத் தவிர்த்து, ஈரமற்ற நாளில், காலையில் தொடங்குக.
2. நிறைசினை ஆட்டைத் தொடாதீர்கள்.
3. வயிறு நிறைய மேய்ந்த ஆட்டைக் கிடத்தாதீர்கள். மயிரைப் பிடித்துத் தூக்காதீர்கள்.
4. கத்தரிக்கோல் கூரியதாக இருத்தல் வேண்டும். தோலை மடிப்பின்றி இழுத்துப் பிடித்துக் கத்தரிக்குக.
5. காயம் பட்டால் உடனே கழுவி அயடின் தடவுக. காயத்தில் ஈயிடும் முட்டை ஒரு நாளிலேயே பொரிக்கக்கூடும். புழு கண்டால் தாமதியாது மிருக வைத்தியரிடம் காட்டுக.

இலங்கையில் 1907ஆம் ஆண்டிலேயே மிருகவதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும், சட்டத்திற்கு அஞ்சியன்று, வாயில்லாச் சீவனிடம் இரக்கங்கொண்டே கத்தரிக்கோலைக் கையில் எடுங்கள்.