கத்தரிக்கோல், கோந்து, ஓர் இசைத்தட்டு

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கிறேன். ஓர் இசைத்தட்டு வெளியிடணும்னா என்னவெல்லாம் வேணும்? பெரிய கம்பெனி, பெரிய ஸ்டுடியோ, கை நிறையப் பணம், பத்து வருஷப் பயிற்சி... இப்படித்தானே பட்டியல் போடுவீங்க? இதில் ஒன்றுகூடக் கையில் இல்லாமல் 1980-ல் நாலு பையன்கள் ஒரு தட்டு வெளியிட்டார்கள். அதன் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, மடித்து, கோந்து போட்டு ஒட்டியதும் அவர்களும் அவர்கள் நண்பர்களும்தான். அதற்காகத் தொடங்கிய கம்பெனி இன்றைக்கும் நடக்கிறது!

எனக்கு ரொம்பப் பிடித்த கராஜ் ராக், பங்க் ராக் பற்றித்தான் இந்தக் கட்டுரை. "அது பாட்டா? வெறும் இரைச்சல்" என்று என் வகுப்பிலேயே பாதிப் பேர் சொல்றாங்க. எங்க பாட்டிகூட, "என்னடி இது, பாத்திரம் உருள்ற மாதிரி இருக்கு" என்றார். பாட்டி சொன்னது சரிதான். ஆனால் பாத்திரத்தை உருட்டியது யார், எதுக்கு உருட்டினாங்க என்று தெரிஞ்சா அந்தச் சத்தம் வேற மாதிரி கேட்கும். அதைத்தான் சொல்லப் போறேன்.

★ கார் ஷெட்டில் வளர்ந்த சங்கீதம்

கராஜ் என்றால் வேறொன்றும் இல்லை, கார் ஷெட்தான். 1960-களில் அமெரிக்கா முழுக்கப் பள்ளி, கல்லூரிப் பையன்கள் கிடாரும் டிரம்ஸும் வாங்கிக் குழு அமைத்தார்கள். வீட்டுக்குள் வாசித்தால் திட்டு விழுமே! அதனால் கார் ஷெட்டில் போய்ப் பழகினார்கள். அப்படி வந்த கரடுமுரடான இசைக்கு அந்த இடத்தின் பெயரே பின்னால் நிலைத்துவிட்டது.

இதில் எனக்குப் பிடித்த கதை ஒன்று. போர்ட்லாண்ட் நகரத்துக் குழுவான கிங்ஸ்மென், 1963 ஏப்ரலில் 'லூயி லூயி' என்ற பாட்டைச் சுமார் 50 டாலர் செலவில் பதிவு செய்தது. ரிச்சர்ட் பெர்ரி என்பவர் 1950-களில் எழுதிய பாட்டு அது. மைக் உயரத்தில் தொங்கியதால் பாடகர் ஜாக் ஈலி அண்ணாந்து கத்திப் பாடினார். வார்த்தைகள் தெளிவா விழவே இல்லை. பாட்டு நாடு முழுக்க ஓடியது. உடனே, "இதில் ஏதோ ஆபாசம் இருக்கு" என்று புகார் கிளம்பி, 1964-ல் எஃப்.பி.ஐ. விசாரணையே தொடங்கிவிட்டது! தட்டை வேகமா சுத்தவிட்டும் மெதுவா சுத்தவிட்டும் கேட்டுப் பார்த்தாங்க. எந்த வேகத்திலும் ஒன்றும் புரியவில்லை என்று எழுதிக் கோப்பை மூடினாங்க. உண்மையில் அது, காதலியைப் பார்க்கக் கப்பலில் போகும் மாலுமியின் பாட்டு. அவ்வளவுதான்!

அதே பக்கத்தில் டகோமா என்ற ஊரில் சோனிக்ஸ் என்ற குழு 1965-ல் முதல் எல்.பி. தட்டை வெளியிட்டது. கிடார் உறுமும், பாடகர் அலறுவார். கேட்டால் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதோ என்று சந்தேகம் வரும்!

இந்த மாதிரிக் குழுக்கள் பல, ஒன்றிரண்டு தட்டுகளோட காணாமல் போயின. 1972-ல் லென்னி கே என்ற இசை எழுத்தாளர், மறந்துபோன 27 பாட்டுகளைத் தேடி எடுத்து 'நக்கெட்ஸ்' என்ற இரட்டைத் தட்டாகத் தொகுத்தார். அதன் அட்டைக் குறிப்பில் இந்தக் குழுக்களைப் பற்றி எழுதும்போது 'பங்க் ராக்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார். பேர் வந்தாச்சு. ஆள் வர நாலு வருஷம் ஆச்சு!

★ மூணே மூணு கார்டு

கிடாரில் சில தந்திகளைச் சேர்த்து அழுத்தி மீட்டினால் வரும் கூட்டு ஒலிக்குக் கார்டு என்று பெயர். 1970-களில் பெரிய ராக் குழுக்கள் இருபது நிமிஷப் பாட்டு, லாரி லாரியாய்க் கருவிகள் என்று போய்விட்டன. அதைக் கேட்கிற பையனுக்கு, "நம்மால இதெல்லாம் முடியாது" என்றுதான் தோணும்.

1976-ல் நியூயார்க்கின் ரமோன்ஸ் குழு முதல் தட்டை வெளியிட்டது. 14 பாட்டு, மொத்தமே 29 நிமிஷம்! மூணு நாலு கார்டுதான். வேகம் மட்டும் ரயில் வேகம். செலவு சுமார் 6,400 டாலர். அந்தக் காலத்துப் பெரிய தட்டுகளுக்கு ஆனதோடு ஒப்பிட்டால் இது சில்லறைக் காசு.

அந்தத் தட்டைக் கேட்டுவிட்டு லண்டனில் மார்க் பெர்ரி என்ற வங்கி குமாஸ்தா அதே வருஷம் 'ஸ்னிஃபின் க்ளூ' என்ற பத்திரிகை தொடங்கினார். உள்ளே டைப் அடித்த எழுத்து, தலைப்புகளுக்கு நம்மை மாதிரியே ஸ்கெட்ச் பேனா, அப்புறம் ஜெராக்ஸ். முதல் இதழ் 50 பிரதிதான்! அடுத்த வருஷம் இன்னொரு கையெழுத்துப் பத்திரிகை மூணு கார்டுகளைப் படமாய்ப் போட்டு, "இதுதான் கார்டு, இனி நீ போய்க் குழு ஆரம்பி" என்கிற பொருளில் ஒரு பக்கம் வெளியிட்டது. ரசிகனைப் பார்த்து, "நீயும் வா" என்று கூப்பிட்ட இசை இது. எனக்கு இது பிடிக்க முதல் காரணம் இதுதான்.

[உங்களுக்குத் தெரியுமா?
இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் எத்தனை பள்ளம் இருக்கும்? நூறா? ஆயிரமா? ஒன்றே ஒன்றுதான்! வெளி ஓரத்திலிருந்து நடு வரைக்கும் ஒரே சுருளாகப் போகும். ஊசி அந்தப் பள்ளத்தின் நெளிவுகளில் ஆடும் ஆட்டம்தான் நாம் கேட்கும் பாட்டு. சத்தம் பெரிசானால் நெளிவும் பெரிசாகும், இடமும் அதிகம் பிடிக்கும். அதனால் நீளப் பாட்டு என்றால் சத்தத்தைக் குறைத்துத்தான் பதிய வேண்டும். பங்க் பாட்டோ ஒன்றரை நிமிஷம்! 7 அங்குலச் சின்னத் தட்டிலும் முழுச் சத்தத்தோடு அடங்கிவிடும்.
மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு, நண்பர்கள், குடும்பத்தாரிடம் சுமார் 500 பவுண்டு கடன் வாங்கி 1977 ஜனவரியில் தானே வெளியிட்ட தட்டின் பெயர் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்', அதாவது சுருள் கீறல். இப்போ அந்தப் பேருக்கு அர்த்தம் புரியுதா?]

★ "உனக்கு வயசு பத்தாது!"

இனி நான் முதலில் சொன்ன பையன்கள் கதைக்கு வருவோம்.

இடம் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன். 1979 பிப்ரவரியில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் க்ராம்ப்ஸ் என்ற குழுவின் கச்சேரி. அங்கே மாணவர்கள் நடத்திய வானொலியைப் பல்கலைக்கழகம் கைகழுவியதை எதிர்த்து நடந்த கச்சேரி அது. கூட்டத்தில் ஒருவர் 16 வயது இயன் மெக்கை. அவர் பார்த்த முதல் பங்க் கச்சேரி. அதே ஊரில் பேட் பிரெய்ன்ஸ் என்ற கறுப்பினக் குழு இருந்தது. ஜாஸ் கலந்த இசையில் தொடங்கிய அவர்கள், பங்க் வாசிக்க ஆரம்பித்ததும் மின்னல் வேகம் பிடித்தார்கள். இதையெல்லாம் பார்த்த மெக்கையும் வகுப்புத் தோழர் ஜெஃப் நெல்சனும் இன்னும் இருவரும் 1979-ல் டீன் ஐடில்ஸ் என்ற குழுவை ஆரம்பித்தார்கள்.

குழு வந்தாச்சு, வாசிக்க இடம்? அங்கே ராக் கச்சேரி நடப்பது பெரும்பாலும் மதுக்கடையோடு சேர்ந்த க்ளப்பில். வயது குறைந்தவர்களுக்கு மது விற்கக் கூடாது என்பது சட்டம். சட்டம் சரிதான். ஆனால் க்ளப்காரர்கள், "எதுக்கு வம்பு?" என்று சின்னப் பசங்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். பாட்டு கேட்க வந்தவனுக்கும் இதே கதிதான். குடிக்கும் வயசு வந்தால்தான் இசை கேட்கலாம் என்றால் அது என்ன நியாயம், நீங்களே சொல்லுங்க!

1980 ஆகஸ்டில் அவர்கள் கிரேஹவுண்ட் பஸ் ஏறி நாட்டின் அடுத்த கோடியான கலிபோர்னியாவுக்குப் போனார்கள். சான் பிரான்சிஸ்கோவில் மபுஹே கார்டன்ஸ் என்ற இடத்தில் ஒரு வழி பிறந்தது. பசங்களின் புறங்கையில் மார்க்கர் பேனாவால் பெரிய கறுப்பு X போட்டு உள்ளே விட்டார்கள். 'இவனுக்கு மது ஊற்றாதே' என்று ஊழியருக்கு அடையாளம். ஊர் திரும்பியதும் அதையே 9:30 க்ளப்பில் சொல்லிப் பார்த்தார்கள். "X போட்டுக்கறோம், எங்களை உள்ளே விடுங்க. யாராவது குடிச்சா அப்புறம் எங்களை எப்பவும் விட வேண்டாம்." க்ளப் ஒத்துக்கொண்டது.

அவமானமாய் இருந்திருக்க வேண்டிய அந்த X, கொஞ்ச நாளில் பெருமையாகிவிட்டது. நாங்க குடிக்க மாட்டோம், போதை எடுக்க மாட்டோம், எங்களுக்கு இசை போதும் என்று சொன்னவர்கள் தாங்களே விரும்பி X போட்டுக்கொண்டார்கள். இவர்களை ஸ்ட்ரெய்ட் எட்ஜ் என்பார்கள். அந்தப் பெயர், மெக்கையின் அடுத்த குழுவான மைனர் த்ரெட் 1981-ல் வெளியிட்ட பாட்டிலிருந்து வந்தது. பங்க் என்றாலே போதை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும்!

★ சுருட்டுப் பெட்டியில் இருந்த காசு

டீன் ஐடில்ஸ் ஒரு வருஷம்தான் நீடித்தது. 1980 நவம்பரில் கடைசிக் கச்சேரி. அதுவரை கிடைத்த காசை யாரும் எடுக்காமல் ஒரு சுருட்டுப் பெட்டியில் போட்டு வைத்திருந்தார்கள். எண்ணிப் பார்த்தால் சில நூறு டாலர். நாலாகப் பிரித்தால் ஆளுக்குக் கொஞ்சம் கிடைக்கும், ஒரு வாரத்தில் செலவாகிவிடும். யோசித்தார்கள். "பிரிக்க வேணாம், தட்டு போடலாம்" என்று முடிவு செய்தார்கள்.

டான் சியன்டாரா என்பவர் தன் வீட்டு அடித்தளத்தில் நடத்திய இன்னர் இயர் ஸ்டுடியோவில் ஏற்கனவே பதிவு செய்து வைத்திருந்தார்கள். அட்டை எப்படிச் செய்வது? கடையில் வாங்கிய வேறொரு தட்டின் அட்டையைப் பிரித்து விரித்து, அதன் அளவை அப்படியே வரைந்துகொண்டார்கள். அச்சடித்து வந்த தாள்களை எல்லோரும் உட்கார்ந்து வெட்டினார்கள், மடித்தார்கள், ஒட்டினார்கள். முதல் தடவை 1,000 பிரதி! அட்டைப் படம், மெக்கையின் தம்பி அலெக்கின் கைகள். இரண்டு புறங்கையிலும் X. உள்ளே 8 பாட்டு. கடைசிப் பாட்டின் தலைப்புக்கு அர்த்தம், 'ராக் இசைக்கு வயசு பத்தாது'. சரியான பதிலடி!

இப்படித்தான் 1980 டிசம்பரில் டிஸ்கார்ட் கம்பெனி பிறந்தது. தட்டு விற்ற காசு அடுத்த நண்பர்களின் தட்டுக்குப் போனது. அது விற்ற காசு அதற்கடுத்த தட்டுக்கு. வாஷிங்டன் வட்டாரக் குழுக்களை மட்டும்தான் வெளியிடுவார்கள். ஒப்பந்தப் பத்திரம் கிடையாது, வாய்ப்பேச்சுதான். நாற்பது வருஷத்துக்கும் மேல் இப்படியே நடக்கிறது.

★ 5 டாலர் கச்சேரி

1987-ல் மெக்கை மூணு நண்பர்களோடு ஃபுகாஸி என்ற குழுவைத் தொடங்கினார். இவர்கள் கச்சேரிக்குச் சில விதிகள் உண்டு:

1. எல்லா வயதினருக்கும் அனுமதி.
2. டிக்கெட் பெரும்பாலும் 5 டாலர்தான்.
3. குழுவின் பெயர் போட்ட பனியன் விற்பதில்லை.
4. அடிதடி கூடாது.

நாலாவது விதிக்கு ஒரு காரணம் இருந்தது. பங்க் கச்சேரியில் மேடை முன்னால் இடித்துக்கொண்டு ஆடுவது வழக்கம். விளையாட்டாய்த் தொடங்கியது போகப் போக முரட்டுத்தனமானது. அடி வாங்கியது சின்னப் பசங்களும் பெண்களும். ஃபுகாஸி பாட்டை நடுவில் நிறுத்தும். அடிக்கிற ஆளை மரியாதையாய்க் கூப்பிட்டு, 5 டாலரைக் கவரில் போட்டுக் கொடுத்து, "போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவிடும்! 2002-ல் கச்சேரியை நிறுத்தும் வரை 1,000 கச்சேரிக்கு மேல் இப்படித்தான் நடத்தினார்கள்.

வாஷிங்டன் என்று இன்னொன்றும் உண்டு, மேற்குக் கரை மாநிலம். அங்கே ஒலிம்பியா ஊரில் 1990-ல் பிகினி கில் என்ற குழு தொடங்கியது. பாடகி கேத்லீன் ஹன்னா மேடையிலிருந்தே, "பெண்கள் எல்லாம் முன்னால வாங்க, பசங்க பின்னால போங்க" என்பார். அதுவரை சுவரோரம் நின்று, யார் முதுகையோ பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் முதல் தடவை மேடையைப் பார்த்தார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. கதவைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது, உள்ளே வந்தவங்களுக்கு நிற்க இடமும் வேணும்னு அவங்க காட்டினாங்க.

★ முதலில் எதைக் கேட்கலாம்?

சோனிக்ஸ் (1965), ரமோன்ஸ் (1976), மைனர் த்ரெட் (1981) என்ற வரிசையில் ஒரு பாட்டு, ஒரு பாட்டாகக் கேளுங்க. மூணும் சேர்ந்தாலே பத்து நிமிஷம் ஆகாது. ஹெட்போனில் சத்தத்தைக் குறைச்சு வச்சுக்குங்க, காது முக்கியம்! முதல் தடவை எனக்கும் இரைச்சலாத்தான் இருந்தது. மூணாவது தடவைதான் உள்ளே ஒரு மெட்டு இருப்பது தெரிஞ்சது.

பாட்டு பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. அந்தச் சுருட்டுப் பெட்டியை மட்டும் மறக்காதீங்க. நமக்குள்ளும் கதை எழுதுறவங்க, படம் வரையறவங்க, மேஜையில் தாளம் போடுறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. "இன்னும் நல்லா வரட்டும், அப்புறம் காட்டலாம்" என்று நோட்டுக்குள்ளேயே வச்சிருக்காங்க. அந்த நாலு பேரும் அப்படிக் காத்திருந்தால் 8 பாட்டும் அடித்தளத்திலேயே தூங்கியிருக்கும்.

இந்தத் தாளுக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கேன், பேனாவும் நூலில் கட்டித் தொங்குது. பாராட்டோ, திட்டோ, உங்க சொந்தப் பாட்டோ, எதுவானாலும் எழுதுங்க. இடம் பத்தலேன்னா சொல்லுங்க, இன்னொரு தாள் ஒட்டறேன்.

– ஒரு ரசிகை, 11-ஆம் வகுப்பு