கொடுக்கும் முன் தைத்துக் கொடுப்போம்



பெருநாள் நெருங்கினால் நம் அறக்கட்டளைக்குப் பழந்துணி மூட்டைகள் வருகின்றன. கொடுப்பவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி தருவானாக! ஆனால் பொத்தான் இல்லாத சட்டையும் கிழிந்த கைலியும் வாங்குபவரைக் கூச வைக்கின்றன. 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் பகுதிக்கு அனுப்பிய பழந்துணிகள் உடுத்த ஆளின்றிச் சாலையோரம் குவிந்து கிடந்தன.

நாமே கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடிய பொருளைத் தர்மம் செய்யக் கூடாது என்று அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் போதிக்கிறது. நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டதாக அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள்.

நமக்கும் ஊசி, நூல், கத்தரி போதும்.

காலர் நைந்த சட்டையா? காலரைப் பிரித்து, திருப்பி வைத்துத் தையுங்கள். நையாத பக்கம் வெளியே வரும்.

கைலி உட்காரும் இடத்தில்தான் நையும். மற்ற பகுதியில் தலையணை உறை தைக்கலாம்.

பழைய சேலையில் பிள்ளைக்குப் பாவாடை தைத்தால், கீழே இரண்டு அங்குலம் உள்ளே மடித்துத் தையுங்கள். அடுத்த வருடம் பிரித்து இறக்கிக்கொள்ளலாம்.

எதற்கும் ஆகாத பருத்தித் துணி நம் வீட்டு அடுப்படிக்குக் கரித்துணியாகட்டும்.

ஆவுடையார்கோவில் சிறிய ஊர். நாம் கொடுத்த சட்டையைப் போடும் பிள்ளை, நம் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஓதுகிறது. துவைத்து, தைத்து, மடித்துக் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.