ஊற்றுக்கண்ணும் மனைக்கல்லும்

வானம் பார்த்த பூமி என்பதற்கு இலக்கணமாக விளங்குவது அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமை. வற்றாத ஜீவநதி இங்கே இல்லை. குண்டாறு மழை பெய்தால் ஓடும், பெய்யாவிடில் மணலாய்க் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை தரும் நீரைக் கண்மாயிலும் ஊருணியிலும் தேக்கி வைத்தே இந்த ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக ஜீவித்து வந்திருக்கின்றனர்.

திருச்சுழி பூமிநாத ஸ்வாமி கோயிலின் சூல தீர்த்தத்தை அறியாதார் இப்பக்கத்தில் இலர். 1879-ல் அவ்வூரில் பிறந்த ஸ்ரீ ரமண மகரிஷியின் சரித்திரத்தை எழுதினோர், மாசி மகத்துக்கு முந்திய பத்து நாட்களில் அத்தீர்த்தத்தின் நீர் நாள்தோறும் சிறிது சிறிதாக உயர்ந்து, பின்னர் தாழும் என்ற செய்தியைக் குறித்துள்ளனர். இதனைத் தெய்வச் செயல் என்போரும் உண்டு. பூமிக்கடியிலுள்ள ஊற்று என்போரும் உண்டு. எவ்வாறாயினும், தடாகத்தின் நீர் அதன் நான்கு கரைகளுக்குள் பிறப்பதன்று. சுற்றியுள்ள நிலத்தில் விழும் மழையே மண்ணிலும் பாறை வெடிப்பிலும் இறங்கி ஊற்றாய்ச் சுரக்கிறது. ஆகவே, ஊற்றைத் தொடாமலே அதைக் கொன்றுவிட முடியும். வரத்துக்காலை அடைத்து, நீர்பிடி நிலத்தைச் சிமெண்டுத் தளமாக்கினால் போதும்.

மதுரை–தூத்துக்குடி நான்கு வழிச் சாலை இன்று அருப்புக்கோட்டையை ஒட்டிச் செல்கிறது. சாலை வந்த இடத்தில் நிலத்தின் விலை ஏறுவதும் மனைக்கற்கள் முளைப்பதும் உலக இயல்பு. நெசவு செய்து பிழைக்கும் குடும்பங்களுக்கு வீடு வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும். ஆனால், வீடு கட்டிய பின் குடிநீருக்குக் குடத்துடன் லாரியை எதிர்பார்த்து நிற்பது வாழ்வாகுமா? சென்னையைப் பாருங்கள். 1920-களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976-ல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. ஏரிகளை இழந்த அந்நகரம் 2015-ல் வெள்ளத்தில் மூழ்கியது. 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் தருவித்துக் குடித்தது.

சட்டம் இல்லாமலில்லை. குளமாகப் பதிவான நிலத்தை, அதில் ஒரு பகுதி மேடாகிவிட்டது என்ற காரணத்தால் வீட்டுமனையாக வழங்கலாகாது என்று 2001-ல் சுப்ரீம் கோர்ட்டு ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் தீர்ப்பளித்தது. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007-ல் தமிழ்நாட்டுச் சட்டசபை தனிச்சட்டம் இயற்றியது. ஆனால், அச்சட்டம் பொதுப்பணித் துறையின் பொறுப்பிலுள்ள ஏரிகளைப் பற்றியதே. பஞ்சாயத்தின் கையிலுள்ள சிற்றூருணிக்கு அதன் நிழல் எட்டாது. அதனைக் காக்க 1905-ம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம் போன்றவற்றையே நாடவேண்டும். அவற்றை நடத்தி வைக்க அதிகாரிகளுக்கு ஊக்கமும், கேட்டு வாங்க ஜனங்களுக்கு விழிப்பும் தேவை.

அந்த விழிப்புக்கு உதாரணம் நமக்கு அண்டையிலேயே இருக்கிறது. மேலூரை அடுத்த அரிட்டாபட்டியில் ஏழு குன்றுகளின் மழைநீர் 72 நீர்நிலைகளையும் 200 சுனைகளையும் ஊட்டுகிறது. அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த பகுதி 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அப்படியிருந்தும், 2024-ல் அப்பகுதியையும் உள்ளடக்கிய நிலத்தை மத்திய சர்க்கார் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலத்தில் விட்டது. கிராம சபைகள் தீர்மானம் செய்தன. சட்டசபையும் டிசம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மேலூரிலிருந்து விவசாயிகள் மதுரைக்கு அணிவகுத்து வந்தனர். அம்மாதமே ஏலம் ரத்தாயிற்று. அறிவிப்புப் பலகை தனியே நின்று சுனையைக் காக்கவில்லை. ஜனங்கள் அதற்குத் துணை நின்றதால் சுனைகள் தப்பின.

நம் சீமையிலும் ஒவ்வொரு கிராமமும் தன் ஊருணி, கண்மாய், வரத்துக்கால் ஆகியவற்றின் சர்வே எண்களைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு அளந்து, எல்லைக்கல் நட்டு, கிராம சபையில் தீர்மானமாகப் பதியவேண்டும். மனைப்பிரிவுக்கு அனுமதி தருவோர் வரைபடத்தில் வரத்துக்கால் எங்கே என்று முதலில் கேட்கவேண்டும். மனைக்கல் நடுவதற்கு முன் எல்லைக்கல் நடப்படட்டும். பின்னர் வழக்காடி ஊற்றைத் திரும்பப் பெற்றவர் எவரையும் நாம் கண்டதில்லை.