வேலைக்குப் போகும் சேலை

பெங்களூர் பீன்யா, தமிழ்த் தொழிலாளர்கள் பலருக்குப் பழகிய இடம். தொழிற்கூடங்கள், ஆயத்த ஆடை ஆலைகள், காலை ஷிப்டுக்கு ஓடும் பஸ்களில் நெரிசல். அதே பீன்யாவில்தான், விண்கலங்களைக் கண்காணிக்கும் இஸ்ரோவின் மையமும் இருக்கிறது.

2014-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி காலை. மங்கள்யான் விண்கலம் செவ்வாய்க் கிரகத்தின் சுற்றுப்பாதையில் புகுந்தது. முதல் முயற்சியிலேயே வெற்றி! மையத்தில் இருந்த பெண்கள் சிலர் ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்டு சிரித்தனர். அந்த நொடியை ஒரு பத்திரிகைப் புகைப்படக்காரர் படம் பிடித்துவிட்டார். பட்டுச் சேலை, தலையில் பூ, முகம் கொள்ளாத சிரிப்பு. அந்தப் படம் உலகம் முழுவதும் சுற்றியது.

விண்வெளி ஆராய்ச்சி என்றாலே கோட்டு அணிந்த ஆண்களை நினைத்துப் பழகியவர்களுக்கு அது புதிய காட்சி. வியந்தார்கள், பாராட்டினார்கள்.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. படத்தில் இருந்தவர்கள் நிர்வாகப் பிரிவு ஊழியர்கள் என்று இஸ்ரோ பிறகு விளக்கியது. பெண் விஞ்ஞானிகள் இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. ரிது கரிதால், நந்தினி ஹரிநாத் போன்றவர்கள் அதே திட்டத்தில் முக்கியப் பொறுப்பு வகித்தவர்கள். அவர்களும் சேலையோடு வேலைக்கு வருகிறவர்கள்தான். 'ராக்கெட் விடுகிற இடத்தில் சேலையா?' என்ற கேள்விக்கு, விஞ்ஞானியும் அலுவலக ஊழியரும் சேர்ந்தே பதில் சொல்லிவிட்டார்கள்.

அழுதுகொண்டே ஓடிய மாணவி

ஆனால் எல்லாப் பெண்களுக்கும் இந்தத் துணிவு முதல் நாளே வந்துவிடுவதில்லை. சென்னையில் பிறந்து, பெப்சிகோ நிறுவனத்தின் தலைமைப் பதவியில் 2006 முதல் 2018 வரை இருந்த இந்திரா நூயியின் கதையே இதற்குச் சாட்சி.

சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் கல்கத்தா மேலாண்மைக் கழகத்திலும் படித்த அவர், 1978-ல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கையில் பணம் இல்லை. விடுதியில் வரவேற்பாளர் வேலை பார்த்தார். நள்ளிரவு முதல் விடியும் வரை உட்கார்ந்தால் மணிக்கு 50 சென்ட் கூடுதலாகக் கிடைக்கும். அதற்காகவே இரவு நேரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கோடை விடுமுறை வேலைக்கு இன்டர்வியூ வந்தது. போட்டுக்கொள்ள சூட் வேண்டுமே! சேர்த்து வைத்திருந்த 50 டாலரைக் கொண்டுபோய் ஒரு மலிவான கடையில் கோட்டும் பேன்ட்டும் வாங்கினார். கடையில் போட்டுப் பார்க்கக் கூச்சம். இடுப்பில் வைத்து அளவு பார்த்ததோடு சரி. இன்டர்வியூ நாளன்று அணிந்தபோதுதான் தெரிந்தது, பேன்ட் கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது! அவரைப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். உள்ளே போய்க் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு வெளியே வந்தவர், வேலைவாய்ப்புப் பிரிவு அதிகாரியான பெண்மணியிடம் ஓடி அழுதார்.

அந்த அம்மையார் கேட்டது ஒரே ஒரு கேள்வி. இந்தியாவாக இருந்தால் என்ன உடுத்திப் போயிருப்பாய்? சேலை என்றார் நூயி. அப்படியானால் அடுத்த இன்டர்வியூவுக்குச் சேலையிலேயே போ, அதற்காக அவர்கள் உன்னை வேண்டாம் என்றால் நஷ்டம் அவர்களுக்குத்தான் என்றார் அந்த அம்மையார்.

அப்படியே செய்தார். பெரிய ஆலோசனை நிறுவனம் ஒன்றின் இன்டர்வியூவுக்குப் பட்டுச் சேலையில் போனார். வேலை கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பொருந்தாத சூட்டோடு போன இடத்திலும் அவருக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள்! அவர்கள் பார்த்தது பேன்ட்டின் உயரத்தை அல்ல, பதிலின் உயரத்தை.

இதோடு கதை இனிப்பாக முடிந்துவிடவில்லை. சிகாகோவில் அந்தக் கோடை முழுவதும் சேலையிலேயே அலுவலகம் போனார். ஆனால் வாடிக்கையாளர்களைச் சந்திக்க மட்டும் அவரை அழைத்துப் போகவில்லை. அந்தக் காலத்து அமெரிக்க ஊர்களில் சேலை உறுத்தும் என்ற எண்ணம். இதை அவரே பின்னாளில் தன் வாழ்க்கை நூலில் எழுதியிருக்கிறார். சேலை கதவைத் திறந்தது. ஆனால் எல்லாக் கதவுகளையும் அல்ல! பின்னர் அவர் மேல்நாட்டு உடையும் அணிந்தார். ஆனால் அப்போது அது, அளவு தெரிந்து தானே தேர்ந்தெடுத்த உடை.

மங்களகிரியும் ரப்பர் செருப்பும்

இங்கே நம் நாட்டுக்கு வருவோம். மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன் 2019-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி முதல் பட்ஜெட்டைப் படித்தார். 1970-ல் இந்திரா காந்தி படித்த பிறகு, ஒரு பெண் மத்திய பட்ஜெட்டைப் படித்தது அன்றுதான். அன்று அவர் உடுத்தியிருந்தது இளஞ்சிவப்பு மங்களகிரிச் சேலை. தோல் பெட்டிக்குப் பதிலாக, சிவப்புத் துணியில் சுற்றிய கணக்குப் புத்தகக் கட்டைக் கையில் கொண்டுவந்தார். அடுத்தடுத்த ஆண்டுகளில் 2021-ல் போச்சம்பள்ளி, 2022-ல் ஒடிசாவின் பொம்காய், 2023-ல் தார்வார்ப் பக்கத்துக் கசூட்டி வேலைப்பாடு என்று கைத்தறிச் சேலைகள். கசூட்டியில் நூலுக்கு முடிச்சு கிடையாது. முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். 2025-ல் உடுத்தியது, பீகாரின் மதுபனி ஓவியர் துலாரி தேவி பரிசளித்த சேலை.

பட்ஜெட் நாளன்று நெசவாளர் ஊரின் பெயர் நாடெங்கும் பேசப்படுவது நல்லதே. ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ப.சிதம்பரம் வெள்ளை வேட்டி சட்டையில் பட்ஜெட் படித்தபோது, அந்த வேட்டி எந்த ஊர்த் தறி என்று இப்படித் துருவித் துருவிப் பேசப்பட்டதா? பெண் என்றால் முதலில் சேலை, பிறகுதான் கணக்கு!

விலை உயர்ந்த சேலையில்தான் தலைமை தெரியும் என்பதும் இல்லை. ரெயில்வே மந்திரி பதவிக்கு 1999-ல் வந்த முதல் பெண்மணி மம்தா பானர்ஜி. 2011-ல் மேற்கு வங்காள முதல்-மந்திரி ஆனார். மெல்லிய கரை போட்ட வெள்ளைப் பருத்திச் சேலையும் சாதாரண ரப்பர் செருப்புமே அவருக்கு அடையாளமாகிவிட்டன. எந்த மாநாட்டுக்கு வந்தாலும் அவரைக் கூட்டத்தில் தேட வேண்டியதில்லை.

சேலைதான் என்றும் இல்லை. 1975 குடியரசு தின அணிவகுப்பில் டெல்லி போலீஸ் படைக்குத் தலைமை ஏற்று நடந்த கிரண் பேடி அணிந்திருந்தது காக்கிச் சட்டை. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஆண்கள்!

எந்த உடை?

ஆக, பட்டு, பருத்தி, காக்கி எதுவாக இருந்தாலும் பொதுவான விஷயம் ஒன்றுதான். இந்தப் பெண்கள் தங்கள் உடையைப் பற்றி அடுத்தவர் என்ன நினைப்பாரோ என்று நாள் முழுவதும் கவலைப்படவில்லை. காலையில் ஒரு முறை தீர்மானித்தார்கள். பிறகு மனம் முழுவதும் வேலையில் போயிற்று. உடை தைரியத்தைக் கொடுப்பதில்லை. இருக்கிற தைரியத்துக்கு இடைஞ்சல் செய்யாமல் இருந்தால் போதும்.

அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் இந்த வாரம்கூட ஏதோ ஒரு வீட்டில் ஒரு பெண் முதல் இன்டர்வியூவுக்குத் தயாராகிக்கொண்டிருப்பாள். கடன் வாங்கிப் புதுத் துணி எடுக்கலாமா என்று அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டிருப்பார்கள். வேண்டியதில்லை. பஸ்ஸில் ஏறி இறங்கவும், நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவும் வசதியாக, நன்றாகப் பழகிய ஓர் உடை. துவைத்து, இஸ்திரி போட்டு, முந்தானைக்கு ஓர் ஊக்கு. அது போதும்.

புதிதாகத்தான் எடுக்க வேண்டும் என்றால், கூச்சப்படாமல் கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள். 50 டாலர் கொடுத்து இந்திரா நூயி கற்ற பாடம் இது.